மூன்று பேருக்கு ஒரு பாஸ்வேர்டு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து நாற்பத்தேழு பேருக்கு ஊசி. ஆறடி உயர மனிதர் ஒருவர் ஊசியைப் பார்த்ததுமே கண் சொருகி என் மேலேயே சாய்ந்தார். கொசுதான் ஓடி வந்து நிமிர்த்தினாள். எங்கள் லேபில் ரத்தம் எடுப்பது நானும், என்னை அக்கா என்று கூப்பிடும் அவளும் மட்டும். குத்தியதே தெரியாமல் எடுப்பாள், அதனால் அந்தப் பட்டத்தை அவளே தனக்குச் சூட்டிக்கொண்டாள்.

சாப்பிடும்போது போனில், எங்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் பெயரில் ஒரு செய்தி. என் டெக்னீஷியன் பதிவு இந்த வாரத்தோடு காலாவதியாகிறதாம், உடனே புதுப்பிக்க வேண்டுமாம். பதிவு போனால் வேலை போச்சு. கையைக்கூடக் கழுவாமல் அந்த லிங்க்கில் போனேன். பிறந்த தேதி, பதிவு எண், அடையாள அட்டையின் இரண்டு பக்கம், கையெழுத்து, வேலை செய்யும் இடம், கடைசியில் ஒரு பாஸ்வேர்டு. ஐந்தே நிமிடம். "நம்ம கவுன்சில் கூட திருந்திடுச்சு பாரு" என்று கொசுவிடம் பெருமையடித்தேன்.

மார்ச் 5, புதன்

பீரோவிலிருந்து பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அடுத்த வருடம் நவம்பர் வரை செல்லும்.

இதை எழுதி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன். என் முழுப் பெயர், பிறந்த தேதி, லேபின் பெயர் எல்லாம் ஒப்பிக்கிறான். போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் போதுமாம். என்ன பணிவு, என்ன குழைவு! பேசாமல் வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற எனக்கே ஊசி!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸ் டிப்போவில் மெக்கானிக், எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். "வேலியில போற ஓணான மடியில எடுத்து விட்டுட்டு, இப்ப குடையுதுன்னா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு, நாளைக்கு லீவ் போடு. ஒவ்வொரு கதவா பூட்டிட்டு வருவோம்" என்றார்.

மார்ச் 6, வியாழன்

பூட்டினோம். வங்கியில் பழைய அட்டையை முடக்கிப் புதியதற்கு எழுதிக் கொடுத்தோம். என் எண்ணுக்கு வேறு யாராவது சிம் கேட்டு வந்தால் தரக்கூடாது என்று போன் கம்பெனியில் குறித்துக்கொண்டார்கள். ஈமெயில் பாஸ்வேர்டு மாற்றியாயிற்று. நிஜமான கவுன்சிலுக்கும் போய், என் பதிவு எண்ணை வைத்து யாராவது வந்தால் விசாரிக்கும்படி கடிதம் கொடுத்தேன்.

கடைசியாக சைபர் போலீஸ். புகாரை எழுதிக்கொண்ட பெண் போலீஸ் என் வயசுதான் இருப்பாள். "தலை குனியாதீங்க. போன வாரம் ஒரு ஜட்ஜே வந்து இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாரு" என்றாள். சிரித்தேன். அதோடு விட்டாளா?

"அந்த பாஸ்வேர்ட வேற எங்கயாச்சும் போட்டிருக்கீங்களா?"

"இல்லங்க."

பொய். பக்கத்திலேயே வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்க, கூசாமல் சொன்னேன்.

அது மேடத்தின் பாஸ்வேர்டு. லேபில் எந்த ரிப்போர்ட்டும் டாக்டர் மேடம் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் வெளியே போக வேண்டும். மேடம் வருவதோ பதினொரு மணிக்கு. எட்டு மணியிலிருந்து ஜனங்கள் காத்துக் கிடப்பார்கள். அதனால் மூன்று வருடமாக அவருடைய பெயரில் நானும் கொசுவுமே கம்ப்யூட்டரில் உள்ளே போய் அனுப்பிவிடுகிறோம். வெளியே தெரிந்தால் அவர் தொழிலே போய்விடும். ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டுகிற எழுத்துகள். அன்று பாஸ்வேர்டு என்ற கட்டத்தைப் பார்த்ததும் விரல் தானாகத் தட்டிவிட்டது. மேல் கட்டத்தில் லேபின் பெயர், கீழே அதன் சாவி. மேடம் சில ராத்திரி வீட்டிலிருந்தே லேப் ரிப்போர்ட்டுகளைத் திறப்பார் என்றால், வேறு யார்தான் எங்கிருந்துதான் திறக்க முடியாது?

மார்ச் 7, வெள்ளி

சொல்லவில்லை. மேடத்துக்கு இன்று தலைவலி.

மார்ச் 8, சனி

பட்டும் படாமலும் கேட்டேன். "மேடம், பாஸ்வேர்டு மாத்தி ரொம்ப நாளாச்சு. மாத்திடலாமா?"

"இருக்கறதையே நான் மூணு தடவை தப்பா அடிக்கிறேன். புதுசா ஒண்ணா? விடும்மா."

விட்டேன். அப்பாடா என்றுகூட இருந்தது. திருடனுக்கு வங்கி வேண்டும், நகை வேண்டும். யாரோ ஒருவரின் சர்க்கரை அளவை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

மார்ச் 10, திங்கள்

செய்துவிட்டான்.

கதவு திறந்ததும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வந்தார். மாதாமாதம் வருகிறவர், ஊசி போடும்போது பதினேழாம் வாய்ப்பாடு சொல்வார். இன்று நாக்கு குழறியது. "ஏம்மா, ரத்தத்துல புத்துநோய்னு லேப்ல இருந்து போன் பண்ணாங்களே, உடனே மருந்துக்குப் பணம் அனுப்பணும்னு… பையன் கிட்ட இன்னும் சொல்லல." அவருக்கு ஒன்றும் இல்லை. வெறும் ரத்தசோகை. அதைச் சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். போன் ஓயவே இல்லை.

கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்தார். ஞாயிறு காலை பத்தரைக்கு மேடத்தின் பெயரில் யாரோ உள்ளே போய் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் ரிப்போர்ட்டையும் போன் நம்பரையும் எடுத்திருக்கிறார்கள். எங்கிருந்து என்று அவரால் சொல்ல முடியவில்லை. மேடம் அப்போது ரயிலில் இருந்தார். பாஸ்வேர்டு தெரிந்த மற்ற இருவரில் ஒருத்தி ஞாயிறு காலை லேபுக்கு வந்திருக்கிறாள். கொசு. ஃபிரிட்ஜின் குளிர் சரியாக இருக்கிறதா என்று குறிக்க வாரம் ஒருவர் வருவோம், இந்த வாரம் அவள் முறை.

மார்ச் 11, செவ்வாய்

மேடம் கொசுவை உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவள் கோட்டைக் கழற்றி மடித்தாள்.

"வர வேணாம்னுட்டாங்கக்கா. விசாரிச்சுட்டு கூப்பிடுவாங்களாம். அடுத்த மாசம் என்னைய நிரந்தரம் பண்றதா இருந்துச்சு… நீங்களாச்சும் மேடம் கிட்ட சொல்லுங்கக்கா, நான் அப்படிப்பட்டவளான்னு."

"சொல்றேன்" என்றேன்.

சொல்றேன்னு சொன்னேனே, என்னத்தச் சொல்லப்போறேன்? அவ நல்லவன்னா? அவ நல்லவன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்! ச்சீ. வங்கியப் பூட்டினேன், சிம்மப் பூட்டினேன், என் வாயையும் பூட்டிக்கிட்டேன். அவ கதவ மட்டும் திறந்து போட்டுட்டேன்.

மார்ச் 12, புதன்

மேடம் வரும்வரை வாசலிலேயே நின்றேன். நாற்காலியில் உட்காரக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். புகார் நகலையும் மேசையில் வைத்தேன்.

அதைக் கடைசி வரி வரை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"போன புதன்கிழமை சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலைம்மா இது."

"பயந்துட்டேன் மேடம்."

"நான் மட்டும்? உங்க ரெண்டு பேருக்கும் நான்தான் பாஸ்வேர்டு குடுத்தேன்னு வெளிய வரும்னு பயந்துதான் அவள அவ்ளோ அவசரமா அனுப்பினேன்."

திங்கட்கிழமையே மாற்றியிருக்க வேண்டிய பாஸ்வேர்டை மாற்றினார். பிறகு நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் தன் கைப்பட எழுதினார், தன் தவறையும் சேர்த்து.

மார்ச் 13, வியாழன்

முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டு மேடமும் நானும் போனில் கூப்பிடுகிறோம். 'லேபிலிருந்து பேசுகிறோம்' என்றாலே பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள். நல்லதுதான்.

மேடம் கொசுவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டார். என் போனை அவள் எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டாள்.

"திங்கக்கிழமை அந்த வாத்தியார் அழுதப்பவே உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அன்னிக்கு என் டப்பாவுல கை விட்டு சாப்பிட்டீங்க."

மார்ச் 24, திங்கள்

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. மேடத்தின் மேல் விசாரணை நடக்கிறது, அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. இப்போது காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிறார், ரிப்போர்ட்டை அவரே அனுப்புகிறார். எனக்கும் கொசுவுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு. வேலை போகவில்லை. வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

கொசு இன்று வேலைக்கு வந்தாள். நிரந்தரம் பண்ணும் கடிதமும் கையில் கிடைத்துவிட்டது. கூட்டம் அதிகம், இருவரும் நிமிரவே இல்லை. பத்து மணி வாக்கில், நான் ரத்தம் எடுத்து வைத்த ஒரு டியூபை என் பக்கம் நீட்டினாள்.

"இதுல பேர் எழுதல. எழுதிடுங்க மேடம்."

டாக்டரைத்தான் கூப்பிடுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. வாங்கி, பெயரை எழுதிக் கொடுத்தேன்.