அஷ்டமி, நவமி, அப்புறம் என் கண்

சார்,

நேற்றுக் காலை எட்டேகாலுக்குச் செருப்பு மாட்டிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அவசர முடிவு அல்ல. ஒன்பது மாத ஆலோசனை அதன் பின்னால் இருந்தது. செருப்புக்கு மேலே சுவரில் தொங்கிய நாள்காட்டித் தாள், என் ராசிக்குச் சந்திராஷ்டமம் என்று ஆட்சேபம் தெரிவித்தது. அதைப் படித்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

ஆசிரியர் அறையில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. நீங்கள் கணக்கு, நான் வரலாறு. ஒருமுறை அரையாண்டு விடைத்தாள் கட்டை இரண்டு வாரமாகத் தொடாமல் வைத்திருந்தேன். தலைமையாசிரியர் கேட்டபோது, நேற்று அஷ்டமி, இன்று நவமி என்றேன். அவர் போனதும் நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "ஏனுங்க சார், பசங்க எழுதுன அன்னைக்கும் அஷ்டமிதானுங்க. அவனுங்க எழுதாமயா போனானுங்க?"

"எனக்குச் சோம்பேறித்தனம் சார்," என்றேன், பெருந்தன்மையாக.

"சோம்பேறின்னா படுத்துக்குவானுங்க. நீங்க பீரோவை அடுக்கீட்டீங்க, சைக்கிளைத் தொடச்சீட்டீங்க, இந்தக் கட்டைத் தவிர எல்லா வேலையும் பண்ணீட்டீங்க. பசங்க மார்க்கைப் பார்த்தா, பாடம் நடத்துனவரு மார்க்கும் அதுலயே தெரிஞ்சிரும். அந்தப் பயமுங்க உங்களுக்கு."

நான் கட்டை மேசை ஓரத்துக்கு நகர்த்தினேன். "செரி, திருத்த வேண்டாம். கட்டை மட்டும் அவுத்து வைங்க," என்றீர்கள். அவிழ்த்தேன். மணி அடிப்பதற்குள் பத்தொன்பது தாள் திருத்தியிருந்தேன். பாடம் நடத்தியவர் மதிப்பெண் நீங்கள் பயமுறுத்திய அளவுக்கு மோசமில்லை.

போன ஆனியில் இடது கண்ணின் ஓரம் மங்கியது. கண்ணில் அழுத்தம் இருக்கலாம், பரிசோதனைக்கு உடனே வாருங்கள் என்று சேலத்து டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது. புரட்டாசி விரத மாதம். ஐப்பசியில் மழை. தையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அதன் பிறகு காரணம் தேடும் சிரமமும் இல்லாமல் போயிற்று. இடையில் அலமாரிப் புத்தகங்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கினேன். "கண்ணைக் காட்டச் சொன்னா கண்ணாடியைத் தொடச்சுட்டு உக்காந்திருக்கறீங்க," என்றாள் மனைவி.

போகாதவரை கண் நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நான் ஒத்திப்போட்டது பயணத்தை அல்ல, டாக்டரின் பதிலை. நீங்கள் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பீர்கள். எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

"எங்கீங்க கிளம்பீட்டீங்க?" என்றாள் மனைவி, நேற்று நான் செருப்பை எடுத்ததும்.

"எங்கயும் இல்ல. செருப்பு மட்டும் மாட்டறேன்."

"மாட்டீட்டு?"

"வாசல் வரைக்கும்."

"வாசலைத் தாண்டுனா பஸ் ஸ்டாப்புங்களே," என்றவள், ஆஸ்பத்திரிச் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான், சார்: எதற்குப் பயப்படுகிறோம் என்று பேர் சொல்லிப் பார்ப்பது, பிறகு கட்டை மட்டும் அவிழ்ப்பது. எந்த வேலைக்கும் இது போதும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். நேற்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது எனக்குப் பயம் இருந்தது. ஆனால் பஸ் போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் பரிசோதனை முடிந்தது. வலது கண்ணுக்குப் பாதிப்பில்லை. தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். இடது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது, அது திரும்ப வராது என்றார் டாக்டர்.