மரக்கை பதித்த மதகு

நெல்லும் நீரும் குறையாது நிற்க. பூழிவள நாடு காக்கும் வல்லவை நாச்சியார், நெடுவரை நாட்டு மன்னரும் தம் உடன்பிறந்த இளவலுமாகிய ஏனாதிவரையருக்கு விடுக்கும் ஓலை. தம்பியின் கொற்றமும் கோட்டையும் வாழ்க, குடிகள் வாழ்க, தம்பி அடைக்கலம் தந்து வைத்திருக்கும் ஏரித்தச்சன் மாகாளனும், என் ஆட்கள் வந்து அழைக்கும்வரை நோயின்றி வாழ்க.

வெள்ளம் தெய்வச் செயல் என்றும், கலைவல்லான் ஒருவனைத் தாயொருத்தியின் துயரம் விழுங்கலாகாது என்றும் எழுதியிருந்தீர். வெள்ளம் தெய்வத்தினுடையதுதான், இடிந்த மதகு மாகாளனுடையது. அவனுக்குக் கட்டும் உரிமை தந்து இலச்சினை அணிவித்தது என் அரசவை. அந்த உரிமைக்கு ஈடாக அவன் செய்யவேண்டியது எதுவென்று நீர் அறியாதிருக்கக்கூடும்; ஆதலால் சொல்கிறேன்.

எம் நாட்டில் மதகுச் சுவரின் ஒரு வரிசைக் கல் ஏறியதும், உரிமை பெற்ற தச்சன் நேரில் வந்து சாந்தைக் கிள்ளிப் பார்ப்பான்; கல்லின் இடுக்கைத் தடவிப் பார்ப்பான்; மனம் நிறைந்தால் ஈரச் சாந்தில் தன் வலக்கையைப் பதிப்பான். கை பதியாத வரிசையின்மேல் அடுத்த கல் ஏறாது. அந்தக் கையை நம்பியே ஏரிக்குக் கீழே மக்கள் குடியிருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள்.

கூவலேரிக்குப் புதுநீர் வந்த அன்று மதகு சரிந்தது. கீழைச்சேரி முழுவதும் போயிற்று. புதுநீருக்கு மலர் தூவச் சென்ற என் மகள் பொற்றிருவும் போனாள். உம் தோளில் ஏறி விளையாடிய குழந்தை அவள். உமக்கு நினைவூட்ட வேண்டியிராது என்று எண்ணினேன்.

நீர் வடிந்தபின் இடிந்த கற்களைப் புரட்டிப் பார்க்கச் சொன்னேன். மாகாளனுக்கு வலக்கைச் சுட்டுவிரலில் நுனி கிடையாது. அது நாடறிந்த குறை. சாந்தில் பதிந்திருந்த கைகளிலோ ஐந்து விரலும் முழுதாக இருந்தன. கொத்தர் தலைவன் அஞ்சி உண்மையைச் சொன்னான். ஒரே கோடையில் பல ஏரிகளின் வேலையை ஒப்புக்கொண்ட மாகாளன், மரத்தில் கைகள் செதுக்குவித்து ஊருக்கொன்றாக அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தானாம். செதுக்கியவன் அழகு கருதிக் குறைவிரலையும் நிறைவாக்கிவிட்டான். சுண்ணாம்பில் பாதி மணல். அதைக் கண்டறிய மரக்கைக்குக் கண்ணா இருக்கிறது?

மணல் கலந்தவர் கொத்தர், தான் பெயர் மட்டுமே தந்தவன் என்று அவன் உம்மிடம் முறையிட்டதாக அறிந்தேன். கொத்தரை என் நாட்டில் எவரும் நம்பவில்லை, தம்பி. அவன் பெயரைத்தான் நம்பினார்கள். மணல் கலந்தவருக்கு அதற்கேற்ற தண்டனை கிடைத்துவிட்டது. இவனுக்கானதை நான் ஆற அமர எண்ணி வைத்திருக்கிறேன்.

அவன் தலையை நான் கேட்கவில்லை. கையையும் வெட்டேன். அவன் மனைவி மக்கள் உம்மிடமே இருக்கட்டும். அவர்களுக்கு என் வாசலில் பகையில்லை. அவனை மட்டும் அனுப்பும். அனுப்பாவிடில் நமக்குள் உள்ள உடன்பிறப்பு இவ்வோலையோடு முடியும். அடுத்து வருவது என் படை.

கூவலேரிக்குப் புதிய மதகு எழும்பிவருகிறது. அதற்கு நேர் கீழே, வாசல் கரையைப் பார்த்திருக்க, அவனுக்கு ஒரு வீடு கட்டுவிக்கிறேன். சோறும் துணியும் குறையாது. சாகும்வரை ஒவ்வொரு மழைக்காலமும் அவன் அங்கேதான் கிடப்பான். கரைமேல் ஏற அவனுக்கு உரிமை இல்லை. மதகின் கல்லொன்றையும் அவன் தொடலாகாது. மதகு உறுதிதானா என்று அவன் எவரைக் கேட்டாலும், காவலரோ குடிகளோ விடை சொல்லலாகாது. சொன்னவர் என் ஆணை மீறியவர்.

மதகை நான் உறுதியாகவே கட்டுவிப்பேன். அதன் கீழ் மறுபடியும் என் குடிகள் வாழப்போகிறார்கள். அதை நீர் அறியலாம், நாடு அறியலாம். அவன் மட்டும் அறியாமல், ஏரி நிறையும் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கட்டும்.

இஃது ஆணை. இவ்வோலை என் முன்னிலையில் எழுதப்பட்டது. சொல் சொல்லாகப் படிக்கக் கேட்டேன். இலச்சினையை என் கையாலேயே இட்டேன்.