எந்த முகத்தோடு சொல்வது

செவ்வாய், ராத்திரி.

பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களைத் திரும்ப அங்கேயே அனுப்ப நம் அரசு முடிவு செய்திருக்கிறது. சாயங்காலம் டிவியில் சொன்னதும், கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஊசியை வீசி எறிந்தார்.

"இன்னாமே இது? தத்தளிச்சு வந்தவன எவனாச்சும் திருப்பி அனுப்புவானா?"

மூன்று வருஷம் முன்பு இன்ஜின் நின்றுபோய், அவர் படகு பர்மாக் கரையில்தான் ஒதுங்கியது. அங்கிருந்த மீனவர்கள் முதலில் சோறு போட்டார்கள். அப்புறம்தான் எந்த நாடு என்று கேட்டார்கள். கடலில் அதுதான் முறை. காசிமேட்டுக் குடிகாரனுக்கும் தெரிந்த அந்த முறை டெல்லியில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. தூ!

விடிந்தால் இவர் கடலுக்குப் போகிறார். படகு மறுபடியும் அங்கே ஒதுங்கினால் அவர்கள் சோறு போடுவார்கள். அப்புறம் எந்த நாடு என்று கேட்பார்கள். எந்த முகத்தோடு சொல்வார்?