ஐந்தில் ஒரு பங்கு

நலம் பெருகுக. அலைவாய்க்கோட்டுத் துறைக்கும் அதைச் சூழ்ந்த ஏழு பாக்கங்களுக்கும் உரிய மன்னன் நெடுங்கோச்சேய், நாடு கடத்தப்பட்டுக் கடல் தெரியாத குன்றூரில் வாழும் கலங்கரை விளக்கின் காவலர் மூவனாருக்குத் தன் கையாலேயே எழுதும் ஓலை. உமது மனையும் மக்களும், உமக்கு இடம் தந்த அம்மலையும் மழை பெற்று வாழ்க.

ஐந்தாண்டுகளுக்கு முன், பகைவர் கலம் வருகிறது என்று அஞ்சி, விளக்கை அணைக்குமாறு நானே வந்து உம்மிடம் சொன்னேன். வந்ததோ நம் வணிகக் கலம். அது பாறையில் மோதி உடைந்தது. மாலுமிகள் நீந்திக் கரையேறினர். விளக்கை அணைத்த பழி உம்மேல் வந்தபோது, அவையில் நீர் என் முகத்தைப் பார்த்தீர். நான் அவ்வாறு ஆணையிடவில்லை என்று வாள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அச்சத்தியத்தை நம்பி அவை உம்மை நாடு கடத்தியது. அன்று முதல் அந்த வாளை நான் இடையில் கட்டுவதில்லை. கேட்டவர்களிடம் எடை கூடுதல் என்றேன்.

நம் துறைக்கு மிளகு கொள்ள வரும் இஸ்ரவேல் குலத்து வணிகர் மத்தனியா, எருசலேமில் உள்ள தம் கோயிலில் ஆட்டுக்கடாவைப் பலியிட்டுப் பிழை தீர்ப்பதுண்டு என்றார். அது எவ்வாறு தீர்க்கிறது என்று கேட்டறிந்தேன். பிழைத்தவன் பழுதற்ற கடாவைத் தானே கொண்டுவர வேண்டும். நொண்டியும் நோயுற்றதும் ஆகா. அதன் தலைமேல், தொட்டும் தொடாமலும் அன்றி, உடற்பாரம் இறங்கக் கையை ஊன்றிச் செய்ததைச் சொல்ல வேண்டும். அறுப்பதும் அவன் கையே. உயிர் குருதியில் இருப்பதாலும் உயிர் இறைவனுக்கே உரியது ஆதலாலும், குருதியைப் பூசாரியர் ஏந்திப் பலிபீடத்தில் தெளிப்பர். கொழுப்பு தீயில் புகையாகி மேலே செல்லும். அவர்கள் இறைவனுக்குப் பசி கிடையாதாம். தன் பிழையின் விலை ஓர் உயிர் என்று பிழைத்தவன் உள்ளங்கையால் அறியவும், அறிந்தபின்னும் உயிரோடு வீடு திரும்பவுமே அந்த வழி.

எனக்காக என் அமைச்சர் கைவைக்கலாமா என்று கேட்டேன். அரசருக்குப் பசித்தால் அமைச்சரா உண்கிறார் என்று அவர் சிரித்தார். பிழை இன்னதென்று சொன்னதும் சிரிப்பு நின்றது. பொய்ச் சத்தியத்தால் பிறனுடையதைப் பறித்தவன் முதலில் அவனுக்கு அதை முழுதும் திருப்பி, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குமுன் அறுக்கும் கடா வெறும் கறி என்றார்.

ஆயினும் அவர் சென்றபின் பலிக்கென்று நான் கட்டிவைத்திருந்த கடாவின் தலையில் கை ஊன்றிப் பார்த்தேன். தலை வெதுவெதுப்பாக இருந்தது. விரல்களின் கீழ் காது அசைந்தது. உமது பெயர் நாவில் வந்தது. அதைக் கேட்க வேண்டியது கடா அன்று என்று அவிழ்த்துவிட்டேன். அது இப்போது அரண்மனை முல்லைக்கொடியை மேய்கிறது.

நேற்று அதே அவையில் மெய்யைச் சொன்னேன். உமது வீடும் நிலமும் பதவியும் உமக்கே. போன ஐந்தாண்டுகளைத் திருப்ப என்னிடம் வழி இல்லை. கூட்டித் தரவேண்டிய பங்கு ஓராண்டு. அதையாவது தர முடியும். நேற்று மாலை எண்ணெய்க்குடம் சுமந்து கலங்கரைப் படியேறத் தொடங்கினேன். நீர் எந்தத் தோளில் சுமந்தீர் என்று இருமுறை நின்று யோசித்தேன்.

ஓலையின் முடிவில் கட்டளை இருத்தல் மரபு. உமக்குக் கட்டளை ஏதும் இல்லை. வருவதும் மன்னிப்பதும் உம் விருப்பம். கட்டளை எனக்கே: நெடுங்கோச்சேய் ஓராண்டு முழுதும் அவ்விளக்கைக் காக்கக் கடவன். இதற்குச் சாட்சியாக மீன் இலச்சினை இட்டேன். அதைச் சுற்றியுள்ள கரி விளக்குத் திரியினுடையது; துடைத்தும் போகவில்லை.