தடுத்து வைத்த மூன்று மெயில்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். ஆபீஸில் எல்லோரும் போன பிறகுதான் சர்வரில் கைவைக்க முடிகிறது. முட்டி வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறார்களா? புனேயில் நான் நலம்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். எங்கள் சுற்றுலாக் கம்பெனிக்கு லினக்ஸில் புது மெயில் சர்வர் அமைத்தேன். "பௌர்ணமி கிரிவலத்துக்குப் பாதி விலையில் ரூம்" என்று போலி விளம்பரங்கள் வந்து குவிந்தன. அதனால் பௌர்ணமி என்ற சொல் இருந்தாலே மெயிலைத் தடுக்கும்படி செய்துவிட்டேன். நம் அடி அண்ணாமலையில் எதையும் பௌர்ணமியை வைத்துத்தான் சொல்வோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தடுத்து வைத்தவற்றை இன்று திறந்தால், உங்கள் மெயில் மூன்று! "பௌர்ணமிக்கு அபிநயா நம்ம கடையில உக்காந்து தண்ணி பாட்டில் வித்தா. அம்மா எப்ப வரும்னு ஜாஸ்தி கேக்கல. நீ பயப்படாத."

நான் புனேக்குக் கிளம்பும்போது "நாலு வயசுக் கொழந்தய விட்டுட்டுப் போறியே" என்று திட்டினீர்கள். போனிலும் "இரு, அம்மாகிட்ட தரேன்" என்று கொடுத்துவிடுகிறீர்கள். மெயிலும் வராததால், இன்னும் கோபம் என்றே இரண்டு மாதமாக நினைத்திருந்தேன். அந்தத் தடையை எடுத்துவிட்டேன். உங்கள் முகவரியை இனி எதுவும் தடுக்காது.

ஜாஸ்தி கேக்கலன்னா, கொஞ்சம் கேட்கிறாளா அப்பா? தூங்கப் போகும்போதா?

அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, போட்டோ எடுத்து அனுப்புங்கள். செருப்பு வாங்க வேண்டும். கடையில் அளவு கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாட்ச்மேன் கதவைப் பூட்ட வந்துவிட்டார். சீக்கிரம் பதில் எழுதுங்கப்பா.

மணிமொழி