அல்ஹம்துலில்லாஹ்வுக்குப் பிறகு ஒரு சொல்

சாய்ந்தமருது
வியாழக்கிழமை, லுஹர் தொழுத பின்

அன்பு மகன் முர்ஷிதுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தங்கச்சி றிஸ்னாவும் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறோம். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் மகன், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நீ நினைப்பாய், போனில் கதைத்தால் வாப்பா பக்கத்தில் வந்து குந்திக்கொள்கிறார், அவருடைய இடது காது மந்தம் என்றாலும் அவரைப் பற்றிய கதை மட்டும் அதற்கு நன்றாகக் கேட்கும். நஸ்லா சாச்சியின் மாப்பிள்ளை லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வாப்பாவின் மேன்முறையீட்டுக்கு முடிவு வந்துவிட்டது, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை தபால்காரர் கடிதத்தை நீட்டியபோது நான் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து பர்தாவைக்கூடக் கழற்றவில்லை, படித்துவிட்டு அப்படியே நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்தேன், றிஸ்னா பயந்துபோய் யாருக்கு மௌத்து என்று கேட்டாள்.

உனக்கு இதன் முழுக் கதையும் தெரியாது. யுத்த காலம், நீ வயிற்றில் ஏழு மாதம், வாப்பா ஊர்காவல் படையில் இருந்தார், சவளக்கடைப் பக்கம் வயலில் வேளாண்மை வெட்டப் போனவர்களுக்குக் காவலாக நின்றபோதுதான் வாய்க்கால் கட்டில் அந்த வெடி வெடித்தது. வலது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இருக்கிற தழும்பை நீ பிறந்த நாள் முதல் பார்த்திருக்கிறாய், அதனால் அது உனக்கு வாப்பாவின் மூக்கு மாதிரி, கண் மாதிரி ஒன்று. அது வெயில் காலத்தில் வெடித்துக் கசிவதும், தோலோடு தசையும் சேர்த்து இழுத்துப் பிடிப்பதும், அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாததும் எனக்குத் தெரியும், அவர் சொல்லி அல்ல, சட்டைகளைக் கழுவித் தெரியும். போன வருடம் ஊனக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்து வைத்திய சபைக்குப் போனோம், நான் வெளியே போட்டிருந்த வாங்கில் குந்தியிருந்தேன், ஐந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டு வந்தார். மூன்று மாதம் கழித்து மறுத்துக் கடிதம் வந்தது. தழும்பு ஆறியுள்ளது, வலி இல்லை, தாம் சுகமாக இருப்பதாக விண்ணப்பதாரரே கூறினார் என்று எழுதியிருந்தார்கள். நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன். டொக்டர் எப்படி இரிக்கீங்க எண்டு கேட்டார், அல்ஹம்துலில்லாஹ் சுகம் எண்டு சொன்னன், வேற என்ன புள்ள சொல்லுற என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன், அதற்கும் அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் தின்றார்.

கோபம் ஆறிய பிறகு நோகுது என்று ஒரு சொல் சொன்னால் என்ன என்று கேட்டேன். நோகுது எண்டு சொன்னா அல்லாஹ்ட்ட முறைப்பாடு வெச்ச மாதிரி போயிரும், அண்டைக்கு என்னோட நிண்ட ஜவுபர் மௌத்தாயிட்டான், எனக்குக் கையோட போச்சு, அதுக்குப் பொறகு எந்த வாயால நோகுது எண்டு சொல்லுற என்றார். இருபத்துநான்கு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் இதை அன்றைக்குத்தான் கேட்டேன். பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற நான் ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருப்பதை அறியாமல் இருந்திருக்கிறேன். மேன்முறையீட்டை நானே எழுதினேன், மூன்று நாள் எடுத்தது. எங்கள் ஊரில் சாவு நடந்த மையித்து வீட்டு வாசலில் நிற்பவரைச் சுகமா என்று கேட்டாலும் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்வார், அது இறைவனுக்குச் சொல்லும் மறுமொழி, வைத்தியருக்குச் சொல்லும் மறுமொழி அல்ல என்று எழுதினேன்.

விசாரணை அம்பாறையில். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் றிஸ்னா டொக்டராக நடித்து வாப்பாவைப் பழக்கினாள், வாப்பா இண்டைக்கு மட்டும் நோகுது எண்டு சொல்லுங்க, அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேட்டு தௌபா செய்யிறத நான் உங்களுக்காகச் செய்யிறன் என்றாள், பின் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே போனால் ஒரு பெண் வைத்தியர், பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர், இந்த முறை என்னையும் உள்ளே விட்டார்கள். கை எப்படி என்று கேட்டார்கள். வாப்பா வாயைத் திறந்தார், அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் எழுதிய பக்கத்தின் சிங்கள மொழிபெயர்ப்பு அந்த அம்மாவின் கையில் இருந்தது, அவர் அதைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். நான் பொறுக்கமாட்டாமல் அதுக்குப் பொறகு உள்ளதையும் சொல்லுங்க என்றேன். வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, நோகுது என்றார். தன் கைக்காக அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை மகன், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கையை உயர்த்தச் சொன்னார்கள், வீம்புக்குப் பல்லைக் கடித்து உயர்த்தப் பார்த்தார், நான் தொழத் தொடங்குற மாதிரி தக்பீர் கட்டிக் காட்டுங்க என்றேன். தொழுகையில் அவருக்கு நடிக்கத் தெரியாது. இடது கை காது வரைக்கும் போனது, வலது கை நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. நீயும் சின்னதில் வாப்பாவைப் பார்த்து அப்படித்தான் தக்பீர் கட்டினாய், ஓதப் போன இடத்தில் லெப்பை உன் கையைப் பிடித்துத் தூக்கித் திருத்தினார், ஞாபகமா?

தீர்ப்பில் தழும்பின் நோவையும் தோள் அசையாததையும் தனித்தனியாக ஏற்றிருக்கிறார்கள். அதே வெடியில் மந்தமான காதை ஏற்கவில்லை, அதற்கான ஆஸ்பத்திரிச் சீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்டதே, பரவாயில்லை. விண்ணப்பதாரர் கூறியது இறைவனைப் புகழும் வழக்கமான சொல், அதை உடல்நிலை பற்றிய கூற்றாகக் கொண்டது தவறு என்று ஒரு வரி இருக்கிறது, அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து எங்களை விளங்கி எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கும் துஆ செய்கிறேன், நீயும் செய். வாப்பா கடிதத்தைக் கேட்டுவிட்டு ஜவுபர் மாமாவின் கபுறடிக்குப் போய் யாசீன் ஓதிவிட்டு வந்தார். றிஸ்னாவுக்குச் சோதனை நெருங்குகிறது, படிக்கிறாள், போனையும் படிக்கிறாள்.

இப்போது பேனாவை வைத்த காரணத்துக்கு வருகிறேன். போன வெள்ளி வீடியோவில் நீ முழு நேரமும் இடது கையால் போனைப் பிடித்திருந்தாய், ஒரு முறை வலது கை தெரிந்தது, சீலைத் துண்டு சுற்றியிருந்தது. என்ன மனே என்று கேட்டேன், ஒண்டுமில்ல உம்மா, அல்ஹம்துலில்லாஹ் சுகம் என்றாய். அந்தச் சொல்லை விடச் சொல்லி நான் சொல்லவில்லை, அதுதான் நம்மை இதுவரை கொண்டுவந்தது. அல்லாஹ்வுக்கு உள்ளதை அல்லாஹ்வுக்குச் சொல்லு, அதற்குப் பிறகு உம்மாவுக்கு உள்ளதை உம்மாவுக்குச் சொல்லு. சுட்டதா, வெட்டியதா, டொக்டரிடம் போனாயா, அந்தச் சீட்டை வைத்திருக்கிறாயா? சீட்டைத் தொலைத்துவிடாதே.

அல்லாஹ் உன் கைகால்களுக்குச் சுகத்தையும் ஆபியத்தையும் உன் உழைப்பில் பரக்கத்தையும் தருவானாக. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் போத்தலும் வரும், வாப்பா தழும்புக்குப் பூசுகிற எண்ணெய். நான் வைக்கவில்லை, நேற்று அவரே வார்த்து மூடி, கசியாமல் சீலை சுற்றிக் கட்டி மேசையில் வைத்திருந்தார், போன வெள்ளி நாமெல்லாம் வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது உன் கையை அவரும் பார்த்திருக்கிறார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
உம்மா முனவ்வறா