எதிர்ச்சுவரில் ஒரு சிப்பி

கிரீன் கார்டு வந்துவிட்டதடி. போன வாரம் தபாலில் வந்தது. இனி எதற்கு இது என்று பழைய விசா ஃபைலைப் பிரித்தேன். காகிதத்தில் ஆற்றுச்சேற்றின் வாடை இன்னும் போகவில்லை. உன் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்திருக்கின்றன. திட்டத்தான் முதலில் வாயெடுத்தேன். நீ போய் ஏழு மாதமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அப்போது டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் ஒரே அபார்ட்மென்டில் இருந்தோம். சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்ததும், "பிக் பெண்டுக்கு டிரைவ் பண்ணலாம்டி. பாலைவனத்துல ஆறு ஓடுதாம், எப்படி ஓடுதுன்னு பாக்க வேணாமா?" என்றாய். பத்து மணி நேரம் நீதான் ஓட்டினாய். மடியில் மேப்பும் காலடியில் புளியோதரை டப்பாவுமாக நான் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கள்ளிக்கு வயசு என்ன, அந்த மலை ஏன் சிவப்பு என்று வழியெல்லாம் குடைந்தாய். எனக்கென்ன தெரியும், நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீம்!

போய்ச் சேர்ந்த இடத்தில், நிமிர்ந்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கு இரண்டு பாறைச்சுவர்கள். நம் பக்கம் டெக்சாஸ், எதிர்ப்பக்கம் மெக்சிகோ, நடுவே முழங்கால் அளவு தண்ணீர். நான் பையிலிருந்து இந்த விசா ஃபைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட், அப்ரூவல் நோட்டீஸ், எல்லாவற்றுக்கும் மூன்று காப்பி.

"கல்லு பாக்க வந்தியா, இன்டர்வியூக்கு வந்தியா?"

"யாராவது கேட்டா?"

"யாருடி கேப்பா, இந்தக் கழுகா?"

உனக்கும் அதே எச்-1 வேலை விசாதான். ஆனாலும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாய். பாஸ்போர்ட்டில் புது விசா ஸ்டாம்பிங் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடமாட்டார்களே என்று நான் கரையிலேயே நின்றேன். நீயோ அதற்குள் அக்கரை போய் எதிர்ச்சுவரில் கன்னத்தை வைத்து நின்றாய்.

"ஏய், சிப்பிடி! கல்லுக்குள்ள கடல் சிப்பி! இங்க கடல் இருந்திருக்கு! வாயேன்!"

எனக்கும் ஆசைதான். நாலே எட்டு வைத்தேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வரவேண்டிய என் கிரீன் கார்டு அந்த ஆற்றோடு போய்விடும் என்றே நம்பினேன்.

திரும்பி வந்து, சேற்றுக் கையால் ஃபைலைத் தட்டினாய். நம் பக்கத்துப் பாறையில் தேடி அதே மாதிரி ஒரு சிப்பியைக் காட்டினாய். "ஆறு அறுக்கறதுக்கு முன்னாடி ரெண்டும் ஒரே கல்லுடி. நீ எதுக்குப் பயந்த?" நான் கோபத்தில் ஃபைலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட, "அடுத்த தடவை நீயும் வரணும்" என்றாய். கார்டு வரட்டும், வருகிறேன் என்றேன். என்ன பதில்டி அது, உன்னிடம் போய்.

அடுத்த மாதம் போகிறேன், தனியாகத்தான். கார்டை வீட்டிலேயே வைத்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன், நீ நம்பமாட்டாய். நீ காட்டிய நம் பக்கத்துச் சிப்பியை நான் தொட்டபோது வெயிலில் கல் சுட்டது. எதிர்ச்சுவர் நிழலில் இருந்ததே, அங்கே கன்னத்தை வைத்தபோது உனக்குச் சில்லென்று இருந்ததா? அன்றைக்கு அதை நான் கேட்கவே இல்லை.